ஆழ்மூளையை அல்ட்ராசவுண்டில் பார்க்க எந்த முறை? நைக்ரா, லென்டிஃபார்ம், மூன்றாம் வென்ட்ரிக்கிள்

முதுகலை_நரம்பியல்

வணக்கம். நடுக்கத்தோடு வரும் நோயாளிகளுக்கு நெற்றிப்பொட்டு வழியாக நடுமூளையைப் பார்க்கும் ஸ்கேனை எங்கள் துறையில் தொடங்கவிருக்கிறோம். இயந்திரத்தில் 1–5 மெகாஹெர்ட்ஸ் ஃபேஸ்டு அர்ரே ப்ரோப் இருக்கிறது. சாதாரண பி-மோட் (கருப்பு-வெள்ளைப் படம்), ஹார்மோனிக், கலர் டாப்ளர் (இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டுவது), எம்ஆர்ஐயோடு இணைத்துப் பார்க்கும் ஃப்யூஷன் என்று நான்கு வழிகள் மெனுவில் உள்ளன. சப்ஸ்டான்ஷியா நைக்ரா (பார்க்கின்சன் நோயில் பாதிக்கப்படும் நடுமூளைப் பகுதி), லென்டிஃபார்ம் (ஆழ்மூளையின் ஒரு நரம்புக்கரு), மூன்றாம் வென்ட்ரிக்கிள் (நடுக்கோட்டில் உள்ள நீர் அறை) ஆகிய மூன்றுக்கும் எதைப் பயன்படுத்துவது? நைக்ராவின் வெள்ளைப் பரப்புக்கு 0.20 ச.செ.மீ. என்ற வரம்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? நுண்குமிழி ஏற்றி எடுக்கும் புதிய படங்கள் இதையெல்லாம் தேவையற்றதாக்கிவிடுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கேன்அறை

மூன்றுக்குமே சாதாரண பி-மோட்தான். மற்றவை துணைக்கு. செய்முறையைச் சொல்கிறேன்.

நோயாளி மல்லாந்து படுக்கட்டும், நீங்கள் தலைமாட்டில் உட்காருங்கள். ஆழம் 14–16 செ.மீ., டைனமிக் ரேஞ்ச் 45–55 டெசிபல், மைய அலைவெண் 2–2.5 மெகாஹெர்ட்ஸ். ஜெல் தாராளமாக வேண்டும். பொட்டில் முடிக்கு அடியில் காற்று தங்கினால் நல்ல ஜன்னல்கூட (ஒலி உள்ளே நுழையும் மெல்லிய எலும்புப் பகுதி) மூடியதுபோல் தெரியும். காதுக்கு முன்னால், கன்ன எலும்பு வளைவுக்குச் சற்று மேலே ப்ரோபை வைத்து, கண்ணின் வெளிமுனையையும் காதுத் துளையையும் சேர்க்கும் கோட்டுக்கு இணையாகப் பிடியுங்கள். முதலில் எதிர்ப்பக்க மண்டையோட்டின் உள்விளிம்பைத் தேடுங்கள். அது தெளிவாக வந்தால் ஜன்னல் திறந்திருக்கிறது என்று பொருள். பிறகு ப்ரோபை மிக மெல்லச் சாய்த்தால் படத்தின் நடுவில் கருத்த பட்டாம்பூச்சி வடிவம் ஒன்று, அதைச் சுற்றி வெண்மையான சிஸ்டர்ன் (மூளையைச் சுற்றிய நீர் இடைவெளி) என்று நடுமூளை வரும். ப்ரோபுக்கு அருகில் உள்ள இறக்கைக்குள் சாய்வான வெள்ளைக் கீற்றாகத் தெரிவதுதான் நைக்ரா.

அருகில் உள்ள பக்கத்தை மட்டும் அளக்க வேண்டும். தூரத்துப் பக்கத்துக்குப் போகப் போகக் கற்றை அகலமாகிவிடும், பக்கவாட்டுத் தெளிவு போய்விடும். வலது நைக்ராவுக்கு வலது பொட்டு, இடதுக்கு இடது. லென்டிஃபார்ம், காடேட், தலாமஸ், பக்க வென்ட்ரிக்கிளின் முன்கொம்பு ஆகியவற்றுக்கு நேர்மாறு: எதிர்ப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு நடுமூளைத் தளத்திலிருந்து ப்ரோபை 10–20 பாகை மேல்நோக்கிச் சாய்த்தால் மூன்றாம் வென்ட்ரிக்கிளின் இரட்டைக் கோடும், அதன் பின்னால் சுண்ணம் படிந்த பினியல் சுரப்பியின் வெள்ளைப் புள்ளியும் வரும். இரண்டும் ஒரே படத்தில் இருந்தால்தான் தளம் சரி. மூன்றாம் வென்ட்ரிக்கிள் 60 வயதுக்குக் கீழே 7 மி.மீ.க்குள்ளும் மேலே 10 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். வயதுக்கு மீறி விரிந்திருந்தால், அதுவும் நைக்ரா சாதாரணமாக இருந்து லென்டிஃபார்ம் வெளுத்திருந்தால் (படத்தில் வழக்கத்தைவிட வெள்ளையாக இருந்தால்), பார்க்கின்சனைவிட அதைப் போன்ற வேறு நோய்களான பிஎஸ்பி, எம்எஸ்ஏ பக்கம் யோசிக்கலாம். வில்சன் நோயிலும் லென்டிஃபார்ம் வெளுக்கும்.

கலர் டாப்ளரை நான் ஜன்னலைச் சோதிக்கப் போடுவேன். நடுப் பெருமூளைத் தமனி நிறத்தில் வந்து, நடுமூளை மட்டும் மங்கலாக இருந்தால் அது பாதி ஜன்னல். அங்கே நைக்ராவைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது. அறிக்கையில் “ஜன்னல் போதவில்லை” என்பது ஒரு முழுமையான விடை. வயதான பெண்களிடம் இது அடிக்கடி நேரும்.

அலைநீளம்

ஸ்கேன்அறை சார் சொன்னதற்கு இயற்பியல் காரணம் எலும்புதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொட்டெலும்பு 3 மி.மீ. தடிமன், எலும்பில் இழப்பு செ.மீ.க்கு மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 டெசிபல், மூளைத் திசுவில் ஏறத்தாழ 0.6 என்று வைத்துக்கொள்வோம். 7 செ.மீ. ஆழத்துக்குப் போய் வர, 2 மெகாஹெர்ட்ஸில் எலும்பில் 24, திசுவில் 17, மொத்தம் 41 டெசிபல். அதையே 5 மெகாஹெர்ட்ஸில் போட்டால் எலும்பில் 60, திசுவில் 42, மொத்தம் 102. அதாவது எதிரொலி இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். “அலைவெண்ணைக் கூட்டினால் தெளிவு கூடும்” என்பது தைராய்டுக்குச் சரி, பெரியவர் தலைக்குச் சரியல்ல.

ஹார்மோனிக் ஏன் வேண்டாம் என்பதும் இதிலிருந்தே வரும். 2-இல் அனுப்பி 4-இல் வாங்கும்போது, திரும்பி வரும் அலை எலும்பை 4 மெகாஹெர்ட்ஸில் கடக்கிறது. அதோடு, ஹார்மோனிக் உருவாக அழுத்தம் அதிகம் வேண்டும், அந்த அழுத்தத்தைத்தான் எலும்பு உள்ளே நுழையும்போதே குறைத்துவிட்டது. இரண்டு முனையிலும் நஷ்டம்.

இன்னொன்று கோணம். திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர், எலும்பில் 2800 அளவுக்குப் போகும். சுமார் 33 பாகைக்கு மேல் சாய்ந்து விழும் அலை முழுமையாகத் திருப்பி அனுப்பப்படும். அதற்கு முன்பே இழப்பு கடுமையாகிவிடும். ஆகவே விசிறிப் படத்தின் ஓரங்களில் தெரிவதை நம்ப வேண்டாம். பார்க்க வேண்டிய உறுப்பு விசிறியின் நடுவில் விழும்படி ப்ரோபை நகர்த்துங்கள், சாய்த்துச் சமாளிக்காதீர்கள்.

ஃப்யூஷன் பற்றி: எல்லாம் 1540 என்று எண்ணித்தான் இயந்திரம் ஆழத்தைக் கணக்கிடுகிறது. 3 மி.மீ. எலும்பைக் கடக்கும் ஒலி சீக்கிரம் வந்துவிடுவதால், உள்ளே இருப்பதெல்லாம் சுமார் 1.4 மி.மீ. மேலே வந்ததுபோல் பதிவாகும். இதோடு காந்தப்புல உணரியின் பிழையும், எம்ஆர்ஐயில் புள்ளிகளைப் பொருத்தும் பிழையும் சேரும். வென்ட்ரிக்கிளைக் காட்டவும் புதியவருக்குக் கற்றுக்கொடுக்கவும் ஃப்யூஷன் அருமை. நைக்ராவின் எல்லையை எம்ஆர்ஐயிலிருந்து கடன் வாங்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

எலும்பு எப்படி ஏமாற்றும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. ஆஸ்திரியாவின் கார்ல் டுசிக் 1940-களில் தலையின் ஒரு பக்கம் ஒலியை அனுப்பி மறுபக்கம் வாங்கி, வென்ட்ரிக்கிள் படம் என்று வெளியிட்டார். 1952-இல் ஜெர்மனியில் குட்னர் குழுவினர், அந்த நிழல்கள் மண்டையோட்டின் தடிமன் வேறுபாட்டால் வந்தவை என்று காட்டினார்கள். மூளையே இல்லாத மண்டையோட்டை நீரில் வைத்தும் அதே போன்ற படம் கிடைத்தது.

முதுகலை_நரம்பியல்

மிக்க நன்றி சார். ஒரு சந்தேகம். 2.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளமே 0.6 மி.மீ. இருக்கிறதே, சில மி.மீ. அகலக் கீற்றின் பரப்பை இரண்டு தசம இடத்துக்கு எழுதுவது எப்படி நியாயம்?

ஸ்கேன்அறை

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்தப் பரிசோதனை பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

கீற்றை ஒரு நீள்வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 8 மி.மீ., அகலம் 2 மி.மீ. என்றால் பரப்பு 12.6 ச.மி.மீ., அதாவது 0.13. சாதாரணம். இப்போது கோடு வரையும்போது சுற்றிலும் வெறும் அரை மி.மீ. வெளியே போய்விட்டீர்கள் என்று வையுங்கள். 9-க்கு 3 ஆகிவிடும். பரப்பு 21.2 ச.மி.மீ., அதாவது 0.21. ஆரோக்கியமானவர் வரம்பைத் தாண்டிவிட்டார்! அந்த அரை மி.மீ. ஒரு அலைநீளத்தைவிடக் குறைவு.

அரை மி.மீ. எங்கிருந்து வருகிறது? முதலாவது கெயின், அதாவது எதிரொலியைப் பெருக்கும் அளவு. அதைக் கூட்டினால் வெள்ளை தானாகவே வீங்கும். சிஸ்டர்ன் வெண்மையாகவும், பட்டாம்பூச்சியின் உடல் அநேகமாகக் கருப்பாகவும் இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். உடல் சாம்பல் நிறமானால் கெயின் அதிகம். இரண்டாவது, ஸ்பெக்கிள் குறைப்பும் ஓரங்களைக் கூர்மையாக்கும் வடிகட்டிகளும். அவற்றை அணைத்துவிடுங்கள், அல்லது எல்லா நோயாளிக்கும் ஒரே அளவில் பூட்டிவையுங்கள். மூன்றாவது, ரெட் நியூக்ளியஸ். நைக்ராவுக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டி இன்னொரு வெள்ளைத் திட்டாக வரும். கீற்றின் வால் அதோடு ஒட்டியதுபோல் தெரிந்தால், ப்ரோபை ஒரு மயிரிழை சாய்த்துப் பிரித்துக் காட்டும் தளத்தைப் பிடித்த பிறகே ஃப்ரீஸ் செய்யுங்கள். நான்காவது, ஜூம் போடாமல் வரைவது. ஃப்ரீஸ் செய்து, நடுமூளை திரையை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்கி, வெண்மையின் எல்லையை ஒட்டிக் கர்சரை ஓட்டுங்கள். வெவ்வேறு ஃப்ரீஸில் குறைந்தது மூன்று முறை. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் தளம் சரியாகப் பிடிபடவில்லை.

0.20 எல்லா இயந்திரத்துக்கும் பொதுவான எண் அல்ல. பழைய சீமென்ஸ் இயந்திரங்களில் 0.20-க்குக் கீழ் சாதாரணம், 0.20 முதல் 0.25 வரை மிதம், 0.25-க்கு மேல் தெளிவான மிகை என்று பிரித்தார்கள். இந்தக் கோடுகள் ஆரோக்கியமானவர்களின் 75-ஆவது, 90-ஆவது சதமானங்கள். உங்கள் ப்ரோப், உங்கள் பிரீசெட்டில் அந்தச் சதமானங்கள் வேறு இடத்தில் விழும். ஆகவே நடுக்கம் இல்லாத, பார்க்கின்சன் உறவினர் இல்லாத ஆட்களை முதலில் அளந்து உங்கள் சொந்த வரம்பை எடுங்கள். அதற்குப் பிறகு மென்பொருள் மேம்படுத்தல் வந்தால் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். அளப்பவருக்கு நோய் விவரம் தெரியக்கூடாது. நடுங்கும் கையைப் பார்த்துவிட்டு வரைந்தால் கோடு தன்னால் வெளியே போகும்.

இயக்கக்கோளாறு_பிரிவு

தொழில்நுட்பம் நன்றாகப் போகிறது. ஆனால் கிடைத்த எண்ணை வைத்து என்ன சொல்லலாம் என்பதையும் பேசியாக வேண்டும். 1995-இல் வூர்ட்ஸ்பர்க்கில் கேயோர்க் பெக்கர் குழு இதை முதலில் விவரித்த பிறகு வந்த ஆய்வுகளை எடுத்துக்கொண்டால், பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 90 விழுக்காட்டினரிடம் நைக்ரா வெளுத்திருக்கிறது. ஆரோக்கியமானவர்களில் சுமார் 10 விழுக்காட்டினரிடமும் வெளுத்திருக்கிறது. அந்த 10-ஐ மறப்பவர்கள்தான் அதிகம்.

நடுக்க கிளினிக்குக்கு வரும் 100 பேரில் 50 பேருக்குப் பார்க்கின்சன் என்று வையுங்கள். ஸ்கேனில் வெளுத்துத் தெரிபவர்கள் 45-உம் 5-உம். வெளுப்பு என்றால் 90 விழுக்காடு நோய். அதே ஸ்கேனை முகாமில் 1000 முதியவர்களுக்குப் போட்டு, அதில் 10 பேருக்கு நோய் இருந்தால், 9 உண்மை, 99 பொய். வெளுப்பு என்றால் 8 விழுக்காடுதான் நோய். ஆகவே தயவுசெய்து இதை மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சேர்க்காதீர்கள். ஒருவரைத் தேவையில்லாமல் பல ஆண்டுகள் பயத்தில் வாழவைக்கும் காரியம் அது.

இரண்டாவது, இந்த வெளுப்பு நோய் முற்ற முற்றக் கூடுவதில்லை. இரும்புச்சத்துக் கூடுதலோடு தொடர்புள்ள, ஏறத்தாழ நிலையான அடையாளம். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க இதைத் திரும்ப எடுப்பதில் பயனில்லை. டிரோடாட் ஸ்பெக்ட் (கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) டோபமைன் நரம்பு முனைகளின் இழப்பைக் காட்டுகிறது. இது திசுவின் அமைப்பைக் காட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடை. எசென்ஷியல் ட்ரெமரா (பார்க்கின்சன் அல்லாத நடுக்க நோய்) பார்க்கின்சனா என்ற தடுமாற்றத்தில், இருபுறமும் நல்ல ஜன்னல் இருந்து நைக்ரா சாதாரணமாக இருந்தால், ஸ்பெக்ட் செலவைத் தள்ளிப்போட்டு ஆறு மாதம் பார்க்கலாம். அங்கேதான் இதன் உண்மையான மதிப்பு.

உச்சிக்குழி

பெரியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், குழந்தைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். அலைநீளம் சார் சொன்ன அத்தனை தடையும் எங்களுக்கு இல்லை. உச்சிக்குழி திறந்திருக்கும்வரை எலும்பே குறுக்கே வராது. 7.5 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோகான்வெக்ஸ் போட்டால் அலைநீளம் 0.2 மி.மீ. காடேட், தலாமஸ், கோராய்டு பிளெக்சஸ் (வென்ட்ரிக்கிளுக்குள் மூளை நீரைச் சுரக்கும் திசு) எல்லாம் கண்ணெதிரே வரும்.

ஆழ்ந்த பகுதியில் நாங்கள் முதலில் தேடுவது காடேட்டுக்கும் தலாமஸுக்கும் இடையிலான பள்ளம். குறைமாதக் குழந்தையின் ஜெர்மினல் மேட்ரிக்ஸ் (வளரும் மூளையின் மென்மையான திசு) இரத்தக் கசிவு அங்கேதான் தொடங்கும். சாஜிட்டலில் சற்றே வெளிப்பக்கம் சாய்த்தால் பள்ளம் கோடாகத் தெரியும். அங்கே வெள்ளையாக ஒன்று தெரிகிறது, இரத்தமா பிளெக்சஸா? கோராய்டு பிளெக்சஸ் மன்ரோ துளைக்கு (பக்க வென்ட்ரிக்கிளையும் மூன்றாம் வென்ட்ரிக்கிளையும் இணைக்கும் வழி) முன்னால் போவதில்லை. துளைக்கு முன்னால் பள்ளத்தில் வெள்ளை இருந்தால் கசிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனலிலும் உறுதிசெய்த பிறகே பாப்பில் வகை (கசிவின் தீவிர நிலை) எழுதுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிழை, பக்க வென்ட்ரிக்கிளின் பின்பகுதியைச் சுற்றியுள்ள வெண்படலத்தைப் பிவிஎல் (வென்ட்ரிக்கிளைச் சுற்றிய வெண்பொருள் சேதம்) என்று எழுதுவது. நரம்பிழைகள் ஒலிக்கற்றைக்குச் செங்குத்தாக ஓடுவதால் வரும் தோற்றம் அது. பின் உச்சிக்குழி வழியாகப் பார்த்தால் மறைந்துவிடும். மறையாமல், பிளெக்சஸ் அளவுக்கோ அதைவிடவோ வெளுத்திருந்தால்தான் கவலை.

சிறுமூளையை உச்சிக்குழி வழியாகப் பார்ப்பதும் அப்படித்தான். டென்டோரியம் (சிறுமூளைக்கு மேலே உள்ள உறை) குறுக்கே பளிச்சென்று நின்று பின்னால் உள்ளதை மங்கடிக்கும். காதுக்குப் பின்னால் மாஸ்டாய்டு இடைவெளியில் வைத்தால் சிறுமூளைக் கசிவு நேராகத் தெரியும். இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஜெல்லைச் சூடாக்கி வையுங்கள், ப்ரோபை அழுத்தாதீர்கள். உச்சிக்குழியை அழுத்தினால் டயஸ்டாலிக் ஓட்டம் குறைந்து, டாப்ளரில் தடை எண் பொய்யாக ஏறும்.

பிறப்பு மூச்சுத்திணறலில் தலாமஸ் வெளுப்பதை முதல் நாளில் எதிர்பார்க்காதீர்கள். முதல் நாள் ஸ்கேன் சாதாரணம் என்று பெற்றோரிடம் உறுதி சொல்வது மிகவும் ஆபத்து. அந்தக் கேள்விக்கு எம்ஆர்ஐதான் விடை.

ஓடி_மேசை

அறுவைக்கூடத்திலிருந்து ஒரு குறிப்பு. எலும்பைத் திறந்த பிறகு 5–10 மெகாஹெர்ட்ஸில் ஆழக் கட்டியை நன்றாகப் பார்க்கலாம். கட்டியை எடுத்த குழியில் சலைன் நிரப்பிப் பார்க்கும்போது குழியின் அடியில் பளீரென்று ஒரு விளிம்பு வரும். சலைனில் ஒலி இழப்பு மூளைத் திசுவைவிட மிகக் குறைவு, இயந்திரமோ திசுவுக்கான அளவுக்குப் பெருக்கிக் காட்டுகிறது. அதை மிச்சக் கட்டி என்று எண்ணித் தோண்டினால் நல்ல மூளையைத் தோண்டுவீர்கள். எடுப்பதற்கு முன்பே, அந்த விளிம்பு இல்லாத நிலையில் முழு 3டி படம் ஒன்றைச் சேமித்து வைத்து ஒப்பிடுங்கள். பக்கத்திலிருந்து வேறு கோணத்தில் பார்த்தால் போலி விளிம்பு இடம் மாறும், கட்டி மாறாது. குழி வாய் மேல்நோக்கி இருக்கும்படி தலையைத் தொடக்கத்திலேயே அமைப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் சலைன் தங்காது, காற்றுக்குமிழி படத்தைக் கெடுக்கும்.

அலைநீளம்

நுண்குமிழி கேள்விக்கு வருகிறேன். வழக்கமான முறையில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு துடிப்பு போய் வர 195 மைக்ரோநொடி. ஒரு படத்துக்கு 128 கோடு என்றால் நொடிக்கு 40 படம்தான் கிடைக்கும். முழுத் தலையையும் ஒரே விரிந்த அலையால் ஒளியூட்டும் அதிவேக முறையில் அது ஆயிரக்கணக்கில் போகும். அந்த வேகத்தில் இரத்தத்தில் ஓடும் குமிழிகளைத் தனித்தனியே பின்தொடர்ந்து, ஒவ்வொன்றின் மையத்தையும் புள்ளியாக வைத்தால் அலைநீளத்தைவிடப் பல மடங்கு நுண்மையான நாள வரைபடம் வரும். 2015-இல் எலியிலும், 2021-இல் பாரிஸில் டெமெனே, டான்டர் குழுவினரால் பெரியவர்களின் பொட்டெலும்பு வழியாகவும் காட்டப்பட்டது. 25 மைக்ரோமீட்டர் வரை தெளிவு. ஒவ்வொரு குமிழியின் எதிரொலியையும் வைத்து எலும்பின் திரிபையும் திருத்தினார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பெரிய மகிழ்ச்சி தந்த வேலை அது.

ஆனால் அது காட்டுவது நாளங்களை. நைக்ராவின் வெளுப்பு திசுவிலிருந்து வருவது. குமிழிப் படத்தில் அது இல்லை. ஆழத்தில் உள்ள அனியூரிசத்தின் ஓட்டம், லென்டிகுலோஸ்ட்ரையேட் தமனிகள் (ஆழ்மூளைக்குப் போகும் நுண்தமனிகள்) என்றால் எதிர்காலம் அங்கே. உங்கள் கிளினிக்குக்கு பி-மோட்தான். குமிழியே இல்லாமல் இரத்த அளவு மாற்றத்தை வைத்து மூளைச் செயல்பாட்டைப் பார்க்கும் ஃபங்ஷனல் அல்ட்ராசவுண்டும் உச்சிக்குழி வழியாகவோ திறந்த எலும்பு வழியாகவோதான் நன்றாக வேலை செய்கிறது.

ஸ்கேன்அறை

பாதுகாப்புக்கு இரண்டு வரி. டிரான்ஸ்கிரேனியல் பிரீசெட்டில் திரையில் டிஐசி (மண்டையோட்டுக்கானது) என்ற வெப்பக் குறியீடு வரவேண்டும், டிஐஎஸ் (மென்திசுவுக்கானது) அல்ல. எலும்பு ப்ரோபுக்கு மிக அருகில் சூடாவதைக் கணக்கில் எடுப்பது டிஐசிதான். அதே ப்ரோப், அதே பிரீசெட்டோடு கண்ணுக்கு நகராதீர்கள். கண்ணுக்கு மெக்கானிக்கல் இன்டெக்ஸ் 0.23-க்குள் இருக்க வேண்டும், தலைக்கோ 1.9 வரை போகும்.

இந்தியாவில் இருப்பவர்கள் கவனத்துக்கு: மூளை மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொல்லி 1994 பாலினத் தேர்வுத் தடைச் சட்டப் பதிவைத் தவிர்க்க முடியாது. துறைக்கு இயந்திரம் வருவதற்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.

முதுகலை_நரம்பியல்

அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: டிபிஎஸ் (ஆழ்மூளையைத் தூண்டும் மின்கம்பி) பொருத்தியவர்களுக்கும், பக்கவாதத்தில் வீக்கம் உள்ளவர்களுக்கும் இதே தளங்கள் உதவுமா?

இயக்கக்கோளாறு_பிரிவு

உதவும். டிபிஎஸ் கம்பி உலோகம் என்பதால் பளீரென்று தெரியும், ஆனால் எதிரொலி மீண்டும் மீண்டும் வருவதால் உண்மையைவிடத் தடிமனாகத் தோன்றும். ஆகவே தடிமனை வைத்து எதையும் முடிவுசெய்யாமல், கம்பியின் நடுக்கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். பெரிய விலகலைப் படுக்கையிலேயே கண்டுபிடிக்க அது போதும். ஒரு மி.மீ. திருத்தத்துக்கு சிடி வேண்டும்.

வீக்கத்துக்கு மூன்றாம் வென்ட்ரிக்கிள் தளம். இரு பொட்டிலிருந்தும் ப்ரோப் முகத்துக்கும் வென்ட்ரிக்கிளின் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளந்து, வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். வலதிலிருந்து 7.4, இடதிலிருந்து 6.6 செ.மீ. என்றால் நடுக்கோடு இடப்பக்கமாக 4 மி.மீ. நகர்ந்திருக்கிறது. இரு பக்கமும் ஒரே சாய்வில், எலும்புக்குச் செங்குத்தாகப் பிடித்திருக்க வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவரை சிடி அறைக்கு நகர்த்தாமல் சில மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்ப அளக்கலாம், அதனால் ப்ரோப் வைத்த இடத்தைத் தோலில் பேனாவால் குறித்துவிடுங்கள்.